வைகை கடலைத் தொடும் இடத்துக்கு, தனியாக ஒரு கயாக்கில்

ஜூன் முதல் வாரம், காலை 5.20 மணி. பிரப்பன்வலசைக் கரையில் பாக் விரிகுடா அசையாமல் கிடந்தது. ஒரே ஆள் துடுப்புப் போட்டுப் போகும் சின்னப் படகான கயாக்கை மணலில் இழுத்துக்கொண்டுபோய்த் தண்ணீரில் வைத்துவிட்டு, ஏறுவதற்கு முன்னால் ராமநாதபுரத்தில் இருக்கும் அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். "கிளம்பிட்டேன். மேற்கே, ஆற்றங்கரை முகத்துவாரம் வரைக்கும். கரையிலிருந்து 300 மீட்டருக்குள்ளதான் இருப்பேன். மஞ்சள் கயாக், ஆரஞ்சு ஜாக்கெட். 10 மணிக்குக் கரை. 10.30 வரைக்கும் சேதி இல்லைன்னா 1093."

1093 தமிழ்நாடு கடலோரக் காவல் துறையின் உதவி எண். இந்தியக் கடலோரக் காவல்படையின் மீட்பு எண் 1554. இரண்டையும் அக்கா அடுக்களைக் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறாள். நான் கடலில் இருக்கும் நேரத்தில் அவள் போனைக் கையைவிட்டுக் கீழே வைப்பதில்லை. அது எனக்குத் தெரியும் என்பதால் நேரத்தை எப்போதும் தாராளமாகவே சொல்வேன்.

நான் மதுரைக்காரி. வைகைப் பாலத்தில் நின்று மணலையும் நாணலையும் பார்த்தே வளர்ந்தவள். அந்த ஆற்றில் வரும் தண்ணீரில் பெரும்பங்கு ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடும். மிச்சம் இருந்தால்தான் ஆற்றங்கரை என்ற ஊரில் கடலைத் தொடும். பக்கத்தில் இருக்கிறது அழகன்குளம். ரோமாபுரிக் காசுகளும், கப்பல் கீறப்பட்ட ஒரு பானை ஓடும் அங்கே தோண்டியபோது கிடைத்தன. எங்கள் ஊர் ஆறு முடியும் இடத்தை, ஒரு காலத்தில் கப்பல்கள் வந்த அந்தப் பக்கத்திலிருந்தே பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

ஏன் தனியாக? குழுவோடு போகும்போது நான் பேசிக்கொண்டே போகிறேன். தனியாகப் போகும்போதுதான் துடுப்பு தண்ணீருக்குள் இறங்கும் சத்தம், கீழே கடற்புல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது, காற்று கன்னத்தில் எந்தப் பக்கம் படுகிறது என்பதெல்லாம் எனக்குத் தெரிகின்றன. நாற்பது வயதில் எனக்கென்று கிடைக்கும் அந்த நான்கு மணி நேரத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் இதே கரையில் இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்லாமல் இந்தப் பயணத்தைச் சொன்னால் பாதியைத்தான் சொன்னதாக இருக்கும்.

அதுவும் ஒரு ஜூன் காலைதான். கடல் கண்ணாடி மாதிரி இருந்தது. இந்தக் கரை வடக்கைப் பார்த்தது. ஜூனில் வீசுவது தென்மேற்குக் காற்று, மீனவர்கள் கச்சான் என்றும் சோழகம் என்றும் சொல்வது. அது கரையைத் தாண்டித்தான் கடலுக்குள் இறங்குகிறது. தென்னையும் பனையும் அதைத் தடுத்துவிடுவதால் கரையோரத்தில் தண்ணீர் சலனமே இல்லாமல் இருக்கும். ஒரு கிலோமீட்டர் உள்ளே போனால் அதே காற்று முழு வேகத்தில் முதுகில் கைவைத்துத் தள்ளும். அலை பெரிதாக இருக்காது, அதனால் பயமும் வராது. திரும்பிப் பார்க்கும்போதுதான் கரை எவ்வளவு சிறுத்துவிட்டது என்று தெரியும்.

அன்று வலை மிதவைகளைச் சுற்றிப் போவதற்காக நான் வெளியே போனேன். ஒன்பது மணிக்குக் காற்று ஏறியது. கரையை நோக்கித் திரும்பி அரை மணி நேரம் துடுப்புப் போட்டும் கரை கிட்ட வரவில்லை. தண்ணீர் குடிக்கலாம் என்று துடுப்பை மடிமேல் குறுக்கே வைத்தேன். அது நழுவியது. எட்டிப் பிடிக்கப் போய்க் கவிழ்ந்தேன்.

மேலே வந்தபோது கயாக் பத்தடி தள்ளி இருந்தது. நான்கு கை நீந்தியதும் இருபதடி. ஆள் இல்லாத கயாக் காய்ந்த ஓலை மாதிரி, காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகும். லைஃப் ஜாக்கெட் போட்டவர் அந்த வேகத்துக்கு நீந்த முடியாது. போன் கயாக்கில், தண்ணீர் கயாக்கில், தொப்பி கயாக்கில். என் உடம்பில் இருந்தது ஜாக்கெட்டும் அதில் தொங்கிய ஒரு விசிலும் மட்டும்.

விசில் சத்தம் காற்றோடு போனது. காற்று போன திசையில் ஒரு பெரியவர் வத்தை என்ற சின்ன நாட்டுப் படகில் தனியாக வலை வாங்கிக்கொண்டிருந்தார், விரித்த வலையை இழுத்து ஏற்றுவதை அப்படித்தான் சொல்வார்கள். பாதி வாங்கிய வலையை மிதவை கட்டி விட்டுவிட்டு வந்தார். முதலில் என்னை ஏற்றினார், அப்புறம் கயாக்கைத் துரத்திப் பிடித்தார். இதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"வீட்டுல யாருக்குத் தாயி தெரியும், நீ இங்க கெடக்குறது?"

யாருக்கும் தெரியாது. மதுரையில் எல்லாரும் நான் அக்கா வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா நான் மதுரையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். தடுத்துவிடுவார்கள் என்று நான்தான் சொல்லவில்லை.

வத்தையின் பின்னால் ஒரு கயிறு தண்ணீரில் இழுபட்டு வந்தது. அவிழ்ந்து விழுந்துவிட்டதோ என்று காட்டினேன். "நான் தனியா வர்ற அன்னைக்கு அது தண்ணியிலதான் கெடக்கும். தவறி விழுந்தா வத்தை காத்தோட போயிரும். கயிறு மட்டும் கொஞ்சம் நின்னு குடுக்கும்" என்றார். அவர் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. வலை வாங்கும்போது அது மாட்டுகிறது என்று அந்தப் பக்கத்தில் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் தனியாக இருக்கும்போது முதலில் கைவிட்டுப் போவது படகுதான் என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார். அதற்கான ஏற்பாட்டோடுதான் தினமும் கடலுக்கு வந்தார்.

அந்தக் கயிறுதான் என் சாமான் பட்டியலையே மாற்றியது. அதுவரை நான் படித்ததெல்லாம் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியது. அங்கே குளிர்ந்த நீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சைக் கட்டுப்படுத்த, அடுத்த பத்து நிமிடம் கைகால் வேலை செய்ய, நினைவு தவறும்வரை ஒரு மணி நேரம் என்று கணக்குச் சொல்வார்கள். அதனால் உடுப்புக்கே பாதிப் பக்கம் போய்விடும். நம் கடலில் கோடையில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். இங்கே ஆளைச் சாய்ப்பது வெயிலும் தாகமும் காற்றும்தான். அதற்கு ஏற்றபடிதான் நான் என் சாமான்களைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

முதலில் கயாக். உள்ளே கால் நீட்டி உட்காரும் வகை வேகமானது, அழகானது. கவிழ்ந்தால் தண்ணீர் நிரம்பிவிடும், பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டால் இறைத்துவிடலாம். தனி ஆள் அதில் திரும்ப ஏற நல்ல பயிற்சி வேண்டும். நான் மேலே உட்காரும் வகையை எடுத்தேன். கனம், மெதுவாகப் போகும். ஆனால் கவிழ்ந்தால் புரட்டிப் போட்டு, குறுக்கே வயிற்றால் படுத்து, திரும்பி உட்கார்ந்துவிடலாம். இதை மார்பளவுத் தண்ணீரில் முப்பது தடவைக்குமேல் செய்து பார்த்தேன், பிறகு கால் எட்டாத ஆழத்தில், பிறகு காற்று அடிக்கும் நாளில். களைத்துப்போன பிறகும் ஏற முடிகிறதா என்பதுதான் முக்கியம். அதனால் எப்போதும் பயிற்சியின் கடைசியில் ஒருமுறை வேண்டுமென்றே கவிழ்வேன்.

அடுத்தது கயிறு. இடுப்புப் பட்டையிலிருந்து கயாக்குக்கு ஒன்று, துடுப்பிலிருந்து கயாக்குக்கு ஒன்று. இடுப்புப் பட்டை ஒரே இழுப்பில் கழன்றுவிடும் வகையாக இருக்க வேண்டும். அலை உடைந்து விழும் கரைகளில், சென்னைப் பக்கம் மாதிரி, இந்தக் கயிறே காலைச் சுற்றி ஆபத்தாகிவிடும். அங்கே நான் கட்டமாட்டேன். பாக் விரிகுடாவின் இந்தப் பக்கம் ஆழம் குறைவு, உடையும் அலை இல்லை, காற்றுதான் பெரிது. இங்கே கட்டுவேன். தங்கூசி என்கிற நைலான் நரம்பு வலையில் சிக்கினால் அறுக்க, ஜாக்கெட்டின் மார்பில் ஒரு சின்னக் கத்தி.

ஜாக்கெட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். படகுச் சவாரி இடங்களில் தரும் பெரிய ஆரஞ்சு ஜாக்கெட்டில் துடுப்புப் போட்டால் கழுத்திலும் அக்குளிலும் உரசும். உரசினால் பத்தாவது நிமிடம் கொக்கியைக் கழற்றத் தோன்றும். கழற்றிய ஜாக்கெட் விழும்போது தலைவழியே போய்விடும். கயாக்குக்கென்று செய்த ஜாக்கெட் கை வீச இடம் விட்டுத் தைத்தது. அதன் மிதப்பு பொதுவாக 50 நியூட்டன், அதாவது சுமார் ஐந்து கிலோ எடையைத் தாங்கும் அளவு. இதில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நினைவு தவறியவரைப் புரட்டி முகத்தை மேலே வைக்கும் சக்தி அதற்குக் கிடையாது. அதைச் செய்ய இன்னும் பெரிய ஜாக்கெட் வேண்டும், ஆனால் அதைப் போட்டுக்கொண்டு கயாக்கில் ஏறுவது எனக்கு முடியவில்லை. இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் 50-ஐத் தேர்ந்தெடுத்தேன். எதைக் கொடுத்து எதை வாங்கினேன் என்று எனக்குத் தெரியும்.

பிற நாட்டுக்காரர்கள் தனியாகப் போனால் சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியைக் கட்டாயம் என்பார்கள். இந்தியாவில் அரசு அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம். பைக்குள் அதோடு வந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்தில் கைதாகியிருக்கிறார்கள். கடல் வானொலிக்கும் உரிமம் வேண்டும். எனக்கு அது பெரிய வருத்தம். கரையோரத்தில் பொழுதுபோக்குக்காகத் துடுப்புப் போடுபவர்களுக்கு ஓர் எளிய அனுமதி முறை வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதுவரை கைப்பேசிதான். தொடுதிரை ஈரக் கையில் வேலை செய்யாது என்பதைக் குளியலறையிலேயே சோதித்துப் பார்த்துவிட்டேன். பொத்தான் வைத்த பழைய போன் ஒன்றை நீர் புகாத உறையில் போட்டு ஜாக்கெட்டுக்குள் வைத்திருக்கிறேன். உறைக்கு மேலேயே பொத்தானை அழுத்தலாம்.

"தனியாப் போகாதே" என்று எனக்குச் சொல்லாதவர்கள் இல்லை. பெண் என்பதால் இன்னும் இரண்டு தடவை கூடுதலாகச் சொல்வார்கள். அம்மா அழுதிருக்கிறாள். அந்தப் பயம் வீண் என்று சொல்ல முடியாது. 2007 ஜனவரியில் ஆண்ட்ரூ மெக்காலே என்ற ஆஸ்திரேலியர் டாஸ்மேனியாவிலிருந்து நியூசிலாந்துக்குத் தனியாகக் கயாக்கில் கிளம்பினார். அதற்கு முந்தைய மாதம் ஒருமுறை கிளம்பி, குளிர் தாங்காமல் தானே திரும்பியவர். இந்த முறை இடையில் இருந்த டாஸ்மன் கடலை ஏறக்குறைய கடந்துவிட்டார். நியூசிலாந்துக் கரை எட்டும் தூரத்துக்கு வந்த பிறகு பிப்ரவரி 9 அன்று உதவி கேட்ட அவருடைய குரல் அரைகுறையாக வானொலியில் வந்தது. மறுநாள் கயாக் கிடைத்தது, அவர் கிடைக்கவில்லை. மனைவியும் சின்ன மகனும் இருந்தார்கள். அவர் போனது சரியா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அவருடைய ஏற்பாடுகளைப் படித்த பிறகு அவரைப் பொறுப்பில்லாதவர் என்று சொல்ல மட்டும் எனக்கு வாய் வரவில்லை.

நீச்சல் தெரியாமலே ஆஸ்கர் ஸ்பெக் என்ற ஜெர்மானியர் 1932-ல் ஒரு மடக்குக் கயாக்கில் கிளம்பி, இந்தியக் கரையையும் இலங்கையையும் தொட்டு, 1939-ல் ஆஸ்திரேலியாவின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார். அதை வைத்து நீச்சல் வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

வத்தைக்காரப் பெரியவர் என்னிடம் போகாதே என்று சொல்லவில்லை. யாருக்குத் தெரியும் என்றுதான் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னால் பதில் தயார் செய்ய முடிந்தது. கடலுக்கு வருவது என் விருப்பம். பாதி வலையை விட்டுவிட்டு என்னைத் தேடி வருவது அவருடைய விருப்பமாக இருந்ததில்லை. அவருக்கு அன்று எவ்வளவு மீன் போனது என்று கேட்கும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

சரி, இந்த ஜூனுக்கு வருகிறேன். மேற்கே போவது என்று முடிவு செய்ததே காற்றுக்காகத்தான். காற்று தூங்கும் நேரத்தில் காற்று வரும் திசையை நோக்கிப் போய்விட வேண்டும், களைத்துத் திரும்பும்போது அது முதுகில் இருக்கும். ஆனால் அந்த முதுகுக் காற்று வெளியேயும் தள்ளும் என்பதால் கரையை ஒட்டியே போனேன். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். நாட்டுப் படகுகள் மட்டும் தொலைவில் இரண்டு தெரிந்தன. தண்ணீருக்கடியில் கடற்புல் மேற்கே சாய்ந்திருந்தது. சொறி என்கிற ஜெல்லி மீன்கள் இரண்டு மூன்று மிதந்து போயின. ஆறரைக்கு வெயில் தோளில் ஏறியது. அரை மணிக்கு ஒருமுறை, தாகம் எடுக்காவிட்டாலும், நான்கு மடக்குத் தண்ணீர்.

திரும்புவதற்கு இரண்டு எல்லைகளைக் கரையிலேயே முடிவு செய்திருந்தேன். மணி எட்டு, அல்லது அலைத் தலையில் முதல் வெள்ளை நுரை. கடலில் இருக்கும்போது முடிவு செய்தால் ஆசை உள்ளே புகுந்துவிடும்.

7.40-க்கு முகத்துவாரத்து மணல்திட்டு தெரிந்தது. அதன்மேல் பறவைகள் வெள்ளையாக வரிசை கட்டி நின்றன. இன்னும் இருபது நிமிடம், மிஞ்சிப்போனால் இருபத்தைந்து. அப்போதுதான் இடது கன்னத்தில் காற்று பட்டது. வலது பக்கம், வெளியே, தண்ணீரின் நிறம் மாறியது. ஒரு வெள்ளை எழுந்து அடங்கியது. அது வெள்ளைதானா என்று இன்னொன்றுக்காகக் காத்திருந்தேன். வந்தது.

துடுப்பை நிறுத்திவிட்டு அந்தத் திட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். கண்ணில் நீர் வந்தது உண்மைதான். மதுரைப் பாலத்தில் நின்ற சின்ன வயசு ஞாபகமெல்லாம் வந்தது. பிறகு இடுப்புக் கயிறு மாட்டியிருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு கயாக்கைத் திருப்பினேன்.

திரும்பும் வழியில் காற்று ஏறிக்கொண்டே வந்தது. கயாக்கின் மூக்கு வெளிப்பக்கமே போகப் பார்த்தது. இடது பக்கத் துடுப்பை அழுத்தி அழுத்திப் போட வேண்டியிருந்ததில் தோள்பட்டை எரிந்தது. ஓரிடத்தில் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் கயாக்கை இழுத்துக்கொண்டு கால் மணி நேரம் நடந்தேன். கரையை ஒட்டிப் போவதில் இந்த வசதி உண்டு.

9.45-க்கு மணலில் கால் வைத்தேன். அக்காவுக்கு "கரை" என்று ஒரு வார்த்தை அனுப்பினேன். அடுத்த நொடியே போன் அடித்தது.

"பாத்தியாடி வைகைய?"

"தூரத்துல இருந்து பாத்தேன்க்கா. காத்து வந்துருச்சு, திரும்பிட்டேன்."

"சரி, வா. சாப்பிடலாம்."

கயிறுகளை நல்ல தண்ணீரில் அலசிக் காயப் போட்டேன். கயாக்கைக் கவிழ்த்து வைத்தேன். கடலைத் திரும்பிப் பார்த்தால் கரையோரம் இன்னும் கண்ணாடி மாதிரியே இருந்தது.