கண் மூடியிருக்கும் மாதங்களில் சோளிங்கர் மலை

சோளிங்கர் பெரிய மலைக்குக் கூட்டம் வரும் காலம் எது என்பதில் யாருக்கும் ஐயம் இருக்காது. ஆண்டில் பதினொரு மாதம் யோகத்தில் கண் மூடி அமர்ந்திருக்கும் நரசிம்மர், கார்த்திகையில் மட்டும் கண் திறந்து பார்க்கிறார் என்பது நம்பிக்கை. ஆகவே கார்த்திகை வெள்ளி, ஞாயிறுகளில் 1305 படிகளிலும் கால் வைக்க இடம் தேட வேண்டியிருக்கும். கண் திறந்திருக்கும்போது போய் நின்றால்தானே நம் குறை காதில் விழும் என்று வருகிறவர்களின் நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் மலை ஏறுகிற சுகத்துக்காகவும் வருகிறவர்கள், சாமி கண் மூடியிருக்கும் மாதங்களில், வெள்ளி, சனி, ஞாயிறு தவிர்த்த ஒரு நாளில், விடியற்காலையில் வரவேண்டும் என்பது என் கட்சி. மாசி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில் அப்படித்தான் போய்வந்தேன்.

ஊரிலிருந்து சற்றுத் தள்ளி, கொண்டபாளையத்தில் இருக்கிறது அடிவாரம். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள்; அன்று காதைத் துணியால் மூடிக்கொள்ளும் அளவுக்குத்தான் குளிர் இருந்தது. கார்த்திகையில் வரிசையாகத் திறந்திருக்கும் கடைகளில் பெரும்பாலானவை தார்ப்பாய் போர்த்திக் கிடக்க, துளசி மாலையும் தேங்காயும் வைத்திருந்த ஒரு மூதாட்டி மட்டும் அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தவுடன், "பை வாணாம் தம்பி, இங்கியே வெச்சிட்டுப் போ. ஒரு கொம்பு எட்த்துக்கினு போ. ஆளுங்க வராத நாள்ல அதுங்களுக்குப் பசி சாஸ்தி" என்றார். குரங்குகளைத்தான் சொன்னார். பையை அவரிடம் விட்டுவிட்டு, கைப்பேசியைச் சட்டையின் உள்பையில் திணித்து, கொம்பை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

மலை ஏறக்குறைய 750 அடி உயரம். மேற்குத் தொடர்ச்சி மலைகளைப் பார்த்துப் பழகியவர்கள் இதை மலை என்று ஒப்புக்கொள்ளத் தயங்கலாம்; படிகளில் பாதியைக் கடந்தபின் அந்தத் தயக்கம் தானே தீர்ந்துவிடும். எல்லாப் படிகளும் ஒரே அளவில் இல்லை. சில இடங்களில் இரண்டு எட்டு வைத்து நடந்தால்தான் அடுத்த படி வருகிறது. வேறு சில இடங்களில் முழங்காலைக் கையால் அழுத்தி உடலைத் தூக்கவேண்டிய உயரம். கூட்டத்தோடு ஏறும்போது இதெல்லாம் தெரிவதில்லை, முன்னே போகிறவரின் குதிகாலைப் பார்த்தபடி ஏறிவிடுகிறோம். தனியாக ஏறும்போதுதான், கால் ஒவ்வொரு படிக்கும் தனித்தனியே தீர்மானம் எடுக்க வேண்டியிருக்கிறது.

நேர்ந்துகொண்டவர்கள் படிக்குப் படி மஞ்சளும் குங்குமமும் வைத்துக் கற்பூரம் ஏற்றியபடி ஏறுவார்கள். கூட்டம் ஓய்ந்து மாதங்கள் ஆகியிருந்ததால் படிகளின் முகப்பில் இருந்த பொட்டுகள் அழிந்து போயிருந்தன. கல்லின் வெடிப்புகளிலும் இரு கற்கள் சேரும் இடுக்குகளிலும் மட்டும் குங்குமம் கறுத்து உறைந்திருந்தது. குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை. கற்பூரம் எரிந்த இடங்களில் காசளவு கரிவட்டங்கள், ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ ஒரே இடத்தில், நடுவிலிருந்து சற்று வலப்பக்கமாக இருந்தன. வலக்கையால் ஏற்றுகிறவர்கள் குனியும் இடம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

குரங்குகளைப் பற்றி மூதாட்டி சொன்னது மிகையல்ல. கார்த்திகையில் அவை தேங்காய் மூடிகளால் வயிறு நிறைந்து மண்டபத்துத் தூண்களில் சாய்ந்திருக்கும். இப்போது பத்துப் பன்னிரண்டு குரங்குகள் ஒரு வளைவில் எனக்காகவே காத்திருந்ததுபோல் எழுந்து வந்தன. ஒன்று, யாரோ எறிந்துவிட்டுப்போன குளிர்பானப் புட்டியின் மூடியைப் பல்லால் திருகிக் கழற்றி, உள்ளே ஒன்றும் இல்லை என்று கண்டதும் என்னை நிமிர்ந்து பார்த்தது. கொம்பைத் தரையில் தட்டினாலே போதும், ஓங்கக்கூடத் தேவையில்லை. கை இரண்டையும் விரித்து வெறுங்கை என்று காட்டியபின் அவற்றில் பெரும்பாலானவை விலகிவிட்டன. ஒரு குட்டி மட்டும் சற்றுத் தூரம் கைப்பிடிச் சுவர்மேல் உடன் வந்தது. ஆளில்லாத காலத்து மலையேற்றத்தைப் புகழ்கிறவன் இந்த ஒரு குறையையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

வழியில் எனக்கு எதிரே இறங்கி வந்தவர் ஒரே ஒருவர், துடைப்பமும் சாக்கும் வைத்திருந்த பணியாளர். படிகள் இவ்வளவு காலியாகிவிட்டதற்குப் பருவம் மட்டும் காரணமல்ல. நெடுநாள் இழுபறிக்குப் பிறகு 2024-இல் இங்கே ரோப்கார் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்பு, ஏற முடியாத முதியவர்களுக்கு டோலியை விட்டால் வேறு கதி இல்லை. ரோப்கார் வந்து மலையின் மகிமை குறைந்துவிட்டது என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. முழங்கால் தேய்ந்துபோன என் அத்தை, இனி இந்தப் பிறவியில் இல்லை என்று விட்டுவிட்டிருந்த தரிசனத்தை அந்தக் கம்பியில் தொங்கித்தான் பெற்றார். படிகளுக்கும் அதனால் நன்மையே. வேண்டுதல் உள்ளவர்களும் நடக்க விரும்புகிறவர்களும் மட்டுமே இப்போது படி ஏறுகிறார்கள்.

ஏறி முடிக்க எனக்கு முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆயிற்று. சந்நிதி திறக்க இன்னும் நேரம் இருந்தது. நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தில் திருக்கடிகை என்று வருவது இந்தத் தலம்தான். இங்கே ஒரு கடிகை நேரம், அதாவது 24 நிமிடம், தங்கியிருந்தாலே வீடுபேறு கிட்டும் என்பார்கள். கதவு திறக்கும்வரை நான் வெளியே உட்கார்ந்திருந்த நேரத்தைக் கணக்கில் சேர்த்தால் குறைந்தது இரண்டு பிறவிக்காவது அது காணும்.

பனி விலகியதும், எதிரே தாழ்வாக நிற்கும் சின்ன மலை தெளிந்தது. அங்கே 406 படிகளுக்கு மேல், சங்கு சக்கரம் ஏந்திய நான்கு கைகளோடு யோக ஆஞ்சநேயர் அமர்ந்திருக்கிறார். அவருடைய பார்வை இந்த மலையில் இருக்கும் நரசிம்மரை நோக்கியே இருக்கிறது என்பது ஐதிகம். அதற்கப்பால் வயலும் ஏரியும் பாறைக் குன்றுகளுமாகச் சமவெளி பரந்து கிடந்தது. இரண்டாம் மைசூர்ப் போரில், 1781 செப்டம்பர் 27 அன்று, ஐதர் அலியின் படையும் ஆங்கிலத் தளபதி அயர் கூட் நடத்திய கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் மோதியது இந்த ஊரை ஒட்டிய வெளியில்தான், கம்பெனி வென்றது. எங்கே எந்த அணி நின்றிருக்கும் என்று மேலிருந்து ஊகித்துப் பார்க்க முயன்றேன். குன்றுகளின் மறைவில் எத்தனை ஆயிரம் குதிரைகளையும் ஒளித்துவைக்கலாம் என்பதற்கு மேல் ஒன்றும் பிடிபடவில்லை.

சந்நிதியில் என்னோடு சேர்த்து நாலைந்து பேர்தான். கார்த்திகையில் "நகருங்க, நகருங்க" என்ற குரலுக்கு நடுவே கண்ணை ஒருமுறை இமைப்பதற்குள் வெளியே வந்துவிடுவோம். அன்று, யோகப் பட்டையோடு அமர்ந்திருக்கும் திருக்கோலத்தை ஆற அமரப் பார்க்க முடிந்தது. அர்ச்சகர் தீபத்தை முகத்தருகே நிறுத்திக் காட்டினார். பிறகு அமிர்தவல்லித் தாயார் சந்நிதிக்குப் போய்விட்டு இறங்கத் தொடங்கினேன்.

போக நினைப்பவர்களுக்கு ஓரிரு செய்திகள். சோளிங்கர் என்று பெயர்ப்பலகை உள்ள ரயில் நிலையத்தில் இறங்கினால் ஊர் அருகில் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அது பாணாவரத்தில் இருக்கிறது, அங்கிருந்து சோளிங்கருக்குப் பல கிலோமீட்டர் போகவேண்டும். அரக்கோணத்திலோ திருத்தணியிலோ இறங்கிப் பேருந்து பிடிப்பது எளிது. பெரிய மலையை முடித்த கையோடு சின்ன மலையும் ஏறுவது வழக்கம். மாசியில் வெயில் ஒன்பது மணிக்கே உறைக்கத் தொடங்கிவிடுவதால், இரண்டையும் முடிக்க எண்ணுகிறவர்கள் ஆறு மணிக்காவது முதல் படியில் கால் வைத்திருக்க வேண்டும். கொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்த மூதாட்டி காசு எதுவும் கேட்கவில்லை. தேநீருக்கு மட்டும் வாங்கிக்கொண்டார்.