டிராலியில் அப்பாவும் நானும்: சவானா நாட்குறிப்பு

மார்ச் 10, 2025, திங்கள் இரவு

அட்லாண்டாவிலிருந்து, அமெரிக்காவின் அதே ஜார்ஜியா மாநிலத்துத் துறைமுக ஊரான சவானாவுக்கு நான்கு மணி நேர ஓட்டம். மேக்கனில் ஐ-16 நெடுஞ்சாலையைப் பிடித்த பிறகு இரண்டு பக்கமும் பைன் மரம், பைன் மரம், மறுபடியும் பைன் மரம். மகரந்தத் தூள் மஞ்சளாகப் படிந்து காரின் நிறமே தெரியவில்லை. அப்பா வழிநெடுக எதிரில் வரும் லாரிகளை எடை போட்டுக்கொண்டே வந்தார். வேலைக்காலம் முழுக்க அரசு பஸ் ஓட்டியவருக்குப் பக்கத்து சீட்டில் சும்மா உட்கார்ந்து வருவது ஒரு தண்டனை.

சவானாவை நடந்துதான் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரிதான், ஆனால் அப்பாவின் முழங்கால் ஒத்துக்கொள்ளாது. அதனால் டிராலி, டிராம் வடிவில் கட்டிய சுற்றுலா பஸ். டிக்கெட் எடுத்தால் அன்று முழுக்க எந்த நிறுத்தத்திலும் இறங்கி, அடுத்து வரும் வண்டியில் ஏறிக்கொள்ளலாம். 17ஆம் தேதி அயர்லாந்துக்காரர்களின் புனிதரான செயின்ட் பாட்ரிக் தின ஊர்வலம். 1824இல் தொடங்கிய வழக்கம், ஊரே திமிறுமாம். அதற்குள் வெள்ளிக்கிழமை கிளம்பிவிட வேண்டும். அறை வாடகை இப்போதே விழி பிதுங்க வைக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

ஏறுவதற்கு முன் அப்பா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். "இது டிராமே இல்லம்மா. சாதா சேசிஸ்ல டிராம் மாதிரி பாடி கட்டி விட்டிருக்கான். கரூர்ல குடுத்தா இதைவிட நல்லாக் கட்டுவான்." மரப் பெஞ்சு, பித்தளைக் கம்பி, வளைந்த கூரை எல்லாம் உண்டு. தண்டவாளம் மட்டும் இல்லை. இந்த ஊரில் நிஜமான டிராம்கள் 1946 வரை ஓடின. சென்னையில் 1953 வரை. சென்னை டிராமில் போனதைத் தாத்தா சொல்லிக் கேட்டிருப்பதாக அப்பா சொன்னார். மற்றபடி டிராம் என்றால் என்னவென்று அவருக்கும் எனக்கும் ஒரே அளவுதான் தெரியும்.

ஓட்டுநர் நடுத்தர வயது வெள்ளைக்காரர். காதோரம் மைக், கை ஸ்டியரிங்கில், வாய் ஓயவே இல்லை. நன்றாகவே பேசினார். ஊரின் அமைப்பை அவர் விளக்கிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. 1733 பிப்ரவரியில், ஜார்ஜியா காலனியை நிறுவிய ஆங்கிலேயர் ஜேம்ஸ் ஓகல்தோர்ப் ஆற்றங்கரை மேட்டில் இறங்கி ஊருக்கு அளவெடுத்தார். நடுவில் ஒரு சதுக்கம். அதன் கிழக்கிலும் மேற்கிலும் கோயில், கடை, பொதுக் கட்டடங்களுக்கு நான்கு மனை. வடக்கிலும் தெற்கிலும் பத்துப் பத்தாக நாற்பது வீட்டு மனை. இது ஒரு வார்டு. ஊர் வளர வளர இதே அச்சைப் பக்கத்தில் பதித்துக்கொண்டே போனார்கள், 1851 வரைக்கும். மொத்தம் 24 சதுக்கங்கள், இப்போது இருப்பவை 22. காலனியை நிர்வகித்த அறங்காவலர்கள் முதலில் இங்கே ரம்மையும் அடிமை முறையையும் தடை செய்திருந்தார்கள், வக்கீல்களையும் உள்ளே விடவில்லை என்றபோது வண்டியே சிரித்தது. நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அப்பாவும் சிரித்தார். எங்கள் ஊர் நிலத்தகராறில் வக்கீலுக்குக் கொட்டிக் கொடுத்தது ஞாபகம் வந்திருக்கும். அடிமைத் தடை 1751இல் நீக்கப்பட்டதை மட்டும் அந்த மனிதர் ஒரே மூச்சில் தாண்டிப் போனார்.

ஒவ்வொரு சதுக்கத்தையும் வலமிருந்து இடமாகச் சுற்ற வேண்டும். நேர் தெரு என்று நினைத்தால் எதிரில் சதுக்கம், ஒடி, சுற்று, மறுபடி நேர் தெரு. லைவ் ஓக் மரக்கிளைகள் கூரைக்குச் சற்று மேலே பந்தல் போட்டிருந்தன. அவற்றில் தாடியாகத் தொங்கும் ஸ்பானிஷ் மாஸ் ஸ்பெயினிலிருந்து வந்ததும் இல்லை, பாசியும் இல்லை. அன்னாசிக் குடும்பத்துச் செடி. அப்பா மேலே பார்க்கவே இல்லை. அவர் கண் முழுக்க ஸ்டியரிங்கில். "கிளட்ச் கிடையாது, ஆட்டோமேட்டிக்கு. அதான் கதை சொல்ல முடியுது."

சிப்பேவா சதுக்கத்தில் ஓகல்தோர்ப் சிலை, தெற்கே ஃபுளோரிடாவைப் பார்த்து நிற்கிறது. அன்று அங்கே ஸ்பெயின்காரர்கள், ஒரு கண் வைக்க வேண்டியிருந்தது. ஆனால் வண்டியில் இருந்தவர்கள் கேட்டதெல்லாம் ஒரு பழைய ஹாலிவுட் படத்தில் கதாநாயகன் சாக்லேட் பெட்டியோடு உட்கார்ந்திருந்த பெஞ்சு எங்கே என்பதுதான். அது படப்பிடிப்புக்காகக் கொண்டுவந்து போட்ட பெஞ்சு. இப்போது அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏமாற்றத்தோடு வெறும் நடைபாதையைப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

மேடிசன் சதுக்கத்தில் பருத்தி வியாபாரி சார்ல்ஸ் கிரீனின் வீடு. உள்நாட்டுப் போரில் ஜார்ஜியாவைக் குறுக்காக எரித்துக்கொண்டு வந்த வடதரப்பு ஜெனரல் ஷெர்மன் 1864 டிசம்பரில் இங்கேதான் தங்கினார். சவானாவையும் 150 பீரங்கிகளையும் ஏறக்குறைய 25,000 பொதி பருத்தியையும் கிறிஸ்துமஸ் பரிசாகத் தருகிறேன் என்று லிங்கனுக்குத் தந்தி அடித்தார். ஊரின் அழகில் மயங்கித்தான் எரிக்காமல் விட்டார் என்றார் ஓட்டுநர். கேட்க இனிமையாக இருக்கிறது. நடந்தது வேறு. தென்தரப்புப் படை முந்தின இரவே ஆற்றைக் கடந்து தப்பிவிட்டது. மேயரே வெளியே போய் ஊரை ஒப்படைத்தார். சண்டையே இல்லாதபோது எரிக்க என்ன இருக்கிறது? கையில் கிடைத்த துறைமுகத்தை யாராவது கொளுத்துவார்களா?

அப்பா 25,000 பொதியில் நின்றுவிட்டார். "அவ்வளவு பருத்திய யாரும்மா பறிச்சா?" என்றார். சுற்று முடிந்து இறங்கும் வரை வண்டியில் அதற்குப் பதில் வரவில்லை.

மார்ச் 12, புதன்

இன்றும் அதே வண்டி, அதே பாதை, வேறு ஓட்டுநர். இவள் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண், முப்பது வயது இருக்கலாம். நேற்றுப் பார்த்த ஊர் இல்லை இது.

நேற்று "அழகான பழைய செங்கல்" என்று கடந்து போன சுவர்களை இவள் காட்டினாள். சவானா கிரே என்று பெயர் பெற்ற அந்தச் செங்கல், ஆற்றோரம் ஹெர்மிடேஜ் தோட்டத்தில் அடிமைகள் கையால் அறுத்துச் சுட்டது. பக்கத்தில் மல்பெரி குரோவ் தோட்டத்தில்தான் 1793இல் ஈலை விட்னி பஞ்சு பிரிக்கும் எந்திரத்தை உருவாக்கினார். கொட்டை பிரிக்கிற வேலை சுலபமாகிவிட்டதால் பருத்திச் சாகுபடி பரவியது, பறிக்க இன்னும் அதிக அடிமைகள் தேவைப்பட்டார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

ரைட் சதுக்கத்தில் வண்டி மெதுவானது. ஓகல்தோர்ப் இறங்கிய மேட்டில் முன்பே இருந்தவர்கள் யாமக்ரா என்ற பூர்வகுடி மக்கள். அவர்கள் தலைவர் டோமோசீச்சி இடம் கொடுத்து, நட்பும் கொடுத்தார். மேரி மஸ்க்ரோவ் இரண்டு பக்கத்துக்கும் மொழிபெயர்த்தார். 1739இல் டோமோசீச்சி இறந்தபோது இந்தச் சதுக்கத்தின் நடுவில் மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். 1883இல் அதே நடு இடத்தில் ரயில்வே கம்பெனி நிறுவிய வில்லியம் கார்டனுக்கு நினைவுச் சின்னம் எழுப்பிவிட்டார்கள். அப்புறம் மனசு உறுத்தியவர்கள் 1899இல் சதுக்கத்தின் ஒரு மூலையில் டோமோசீச்சிக்கு ஒரு கருங்கல் பாறையை வைத்தார்கள். "இடம் குடுத்தவனை ஓரமாத் தள்ளிட்டான்" என்றார் அப்பா.

எல்லிஸ் சதுக்கம் ஊரின் முதல் நான்கில் ஒன்று. 1954இல் அதிலிருந்த பழைய சந்தையை இடித்துக் கார் நிறுத்தும் கட்டடம் கட்டினார்கள். அடுத்து டாவன்போர்ட் வீட்டையும் கார் நிறுத்த இடிக்கப் போகிறார்கள் என்றதும் ஏழு பெண்கள் பணம் திரட்டி அதை வாங்கினார்கள். பழைய கட்டடங்களைக் காக்க 1955இல் அப்படிப் பிறந்த அவர்கள் சங்கம் இல்லையென்றால் இன்று டிராலி சுற்றிக் காட்ட ஊரே மிஞ்சியிருக்காது. கார் நிறுத்தமும் பிறகு இடிக்கப்பட்டு 2010இல் எல்லிஸ் மறுபடி சதுக்கமானது. கார்கள் இப்போது அதற்கு அடியில், நிலத்துக்குள்.

ஃபோர்சைத் பூங்காவில் இறங்கினோம். 1858இல் வைத்த வெள்ளை நீரூற்றில் தண்ணீர் பச்சை. செயின்ட் பாட்ரிக்குக்காகச் சாயம் கலப்பார்களாம். அஸேலியா செடிகள் இலை தெரியாமல் பூத்திருந்தன. அப்பா பெஞ்சில் உட்கார்ந்து அரை மணி நேரம் தூங்கினார்.

திரும்பி ஏறியபோது அதே பெண் ஓட்டிய வண்டியே வந்தது. எப்படி ஓட்டிக்கொண்டே பேசுகிறாய் என்று அப்பா என் மூலம் கேட்டார். கதை எல்லாம் சிக்னலுக்கும் திருப்பத்துக்கும் அளந்து வைத்தது என்றாள். ரைட் சதுக்கத்தைச் சுற்றி வரும் நேரத்துக்குள் டோமோசீச்சி முடிந்துவிட வேண்டும், முடியாவிட்டால் அடுத்த சதுக்கத்தின் கதையைக் கொஞ்சம் நறுக்க வேண்டும். பயிற்சியில் ஒரு குறிப்புக் கட்டு கொடுக்கிறார்கள், அதில் எதை நீட்டுவது, எதை விடுவது என்பது ஓட்டுகிறவர் பாடு.

முன்பு இந்த ஊரில் வழிகாட்டியாகப் பேச நகரசபையின் தேர்வெழுதி உரிமம் வாங்க வேண்டும். பேச்சுரிமைக்கு எதிரானது என்று சிலர் வழக்குப் போட்டார்கள். 2015இல் நகரசபையே அந்த உரிமத்தைக் கைவிட்டது. உரிமம் போனது நல்லதென்றே நினைக்கிறேன். தேர்வு வைத்தாலும் ஷெர்மன் மயங்கிய கதை வண்டியை விட்டு இறங்காது.

சாயங்காலம் பேய் உலா. பழைய சவ வண்டியின் கூரையை அறுத்து ஆள் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். "காசு குடுத்துப் பாடை வண்டில ஏறணுமா?" என்று அப்பா சாப்பிடப் போய்விட்டார்.

மார்ச் 13, வியாழன்

இன்று டிராலி வேண்டாம் என்று முடிவெடுத்தோம். நேற்றைய ஓட்டுநர் சொன்னதில் சிலவற்றை நின்று பார்க்க வேண்டியிருந்தது.

ஓவன்ஸ்-தாமஸ் வீடு 1819இல் வில்லியம் ஜே கட்டியது. அந்தக் காலத்திலேயே மாடியில் குழாய்த் தண்ணீர். அதைப் பெருமையாகக் காட்டுகிறார்கள், காட்டட்டும். பின்கட்டில் அடிமைகள் தங்கிய கட்டடத்தின் உத்தரத்தில் பழைய நீலச் சாயம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கெட்ட ஆவிகளை விரட்ட அந்த நீலம் என்பது இந்தக் கரையோர மக்களின் நம்பிக்கை. நேற்றைய பேய் உலாவில் இந்தப் பேயைச் சொல்லியிருப்பார்களா தெரியாது.

ஃபிராங்க்ளின் சதுக்கத்தில் ஃபர்ஸ்ட் ஆஃப்ரிக்கன் பாப்டிஸ்ட் தேவாலயம். பகல் முழுக்க உழைத்துவிட்டு வந்த அடிமைகள் இரவில் கட்டியது, 1859இல் முடிந்தது. கீழ்த்தளத் தரைப் பலகையில் சாய்சதுர வடிவில் சின்னச் சின்னத் துளைகள். காங்கோ மரபின் பிரார்த்தனைச் சின்னம் அது, தப்பி வந்தவர்கள் அடியில் ஒளிந்து மூச்சுவிடவும் உதவியது என்பது சபையின் வழிவழிச் செய்தி. அப்பா செருப்பைக் கழற்றப் போனார். வேண்டாம் என்றார்கள்.

மதியம் காரை எடுத்துக்கொண்டு ஊரின் மேற்குப் பக்கம் போனோம். எந்த டிராலிப் பாதையிலும் இது இல்லை. அதே 1859, மார்ச் 2, 3 தேதிகளில் பியர்ஸ் பட்லர் என்ற தோட்ட முதலாளி சூதாட்டத்திலும் பங்குச் சந்தையிலும் ஏறிய கடனை அடைக்க, இங்கிருந்த குதிரைப் பந்தய மைதானத்தில் 436 பேரை ஏலத்துக்குக் கொண்டுவந்தார். ஆண், பெண், கைக்குழந்தை எல்லாம் சேர்த்து. குதிரை லாயங்களில் அடைத்து வைத்திருந்தார்கள். இரண்டு நாளும் மழை. வசூல் 303,850 டாலர். நியூயார்க் பத்திரிகை நிருபர் ஒருவர் வாங்க வந்தவர் போல நடித்து உள்ளே போய் எழுதியதால்தான் இவ்வளவு விவரம் நமக்குத் தெரிகிறது. விற்கப்பட்டவர்களின் வழிவந்தவர்களிடையே அதற்கு அழுகைக் காலம் என்று பெயர். 2008இல் வைத்த ஒரு பலகைதான் அடையாளம். நாங்கள் நின்ற நேரத்தில் வேறு யாரும் வரவில்லை. அப்பா பலகையை முழுக்கப் படித்துச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அந்த முதலாளிக்கு என்ன ஆச்சு என்றார். பிரிந்த மனைவி எழுதிய தோட்ட நாட்குறிப்பில் அவர் நாறிப்போனார், சட்டம் எதுவும் செய்யவில்லை என்றேன்.

இன்னொன்று, டிராலியில் யாரும் சொல்லாதது. 1906இல் நகரசபை நிஜ டிராம்களில் கறுப்பினத்தவருக்குத் தனி இருக்கை என்று சட்டம் போட்டது. அவர்கள் டிராமையே புறக்கணித்து, மாதக்கணக்கில் நடந்தும் குதிரை வண்டிகளிலும் போனார்கள். பஸ்ஸில் இதே பாகுபாட்டை எதிர்த்த மான்ட்கோமரி பஸ் போராட்டத்துக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முன்பு. சட்டம் அசையவில்லை. பித்தளைக் கம்பியும் மரப் பெஞ்சுமாக டிராமைத் திரும்பக் கட்டுகிறவர்கள் இதையும் சேர்த்துக் கட்டினால் என்ன என்று கேட்டால், சுற்றுலாக்காரர் மனம் நோகும் என்பார்கள். நேற்று வண்டியில் யாரும் நொந்துபோனதாகத் தெரியவில்லை, டிப்ஸ் டப்பா நிரம்பித்தான் இருந்தது.

மார்ச் 14, வெள்ளி

கிளம்புமுன் அப்பாவே இன்னொரு சுற்று போகலாம் என்றார். முதல் நாள் ஓட்டியவர்தான் இன்றும். ரிவர் ஸ்ட்ரீட்டில் கப்பல்கள் பாரத்துக்கு ஏற்றி வந்து கொட்டிய கற்களால் போட்ட பாதை, முதுகை உலுக்கி எடுத்தது. கை எட்டும் தூரத்தில் கன்டெய்னர் கப்பல் ஒன்று மெதுவாக மேலேறிப் போனது. 2002இல் வைத்த சிலையில் விலங்குச் சங்கிலி காலடியில் அறுந்து கிடக்க ஒரு கறுப்பினக் குடும்பம் நிற்கிறது. அவர் அதைச் சுட்டிக்காட்டி ஒரு வரி சொன்னார், ஒரே வரி.

அப்பா என்னை இடித்தார். "கேளும்மா." நான் கேட்டேன்: 25,000 பொதியைப் பறித்தது யார்? கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். சிவப்பு விளக்கு விழுந்திருந்தது. பிறகு மைக்கில், எல்லோருக்கும் கேட்கும்படி, ஹெர்மிடேஜ் செங்கலிலிருந்து ஆரம்பித்து நன்றாகவே சொன்னார். அந்த ஏலம்கூட அவருக்குத் தெரிந்திருந்தது. விளக்கு பச்சையானது, பின்னால் ஹாரன், பேச்சு நிற்கவில்லை.

ஊர்வலத்துக்கான தடுப்புகள் வந்து இறங்கத் தொடங்கிவிட்டன. ஒரு தெரு அடைத்திருந்ததால் ரைட் சதுக்கத்தைச் சுற்றாமல் நேராகப் போனோம். டோமோசீச்சி இன்று யாருக்கும் கிடைக்கவில்லை. இறங்கும்போது அப்பா ஐந்து டாலர் டப்பாவில் போட்டுவிட்டு, பிரேக் ஷூ சத்தம் போடுகிறது, பார்க்கச் சொல் என்றார். சொன்னேன். அவருக்கும் அது தெரியுமாம், எழுதிக் கொடுத்திருக்கிறாராம்.