துருப்பிடிக்காத திங்கட்கிழமை

ஒன்பது நாள் வடநாட்டுப் பயணத்தின் கடைசி நாள் திங்கட்கிழமையில் வந்து விழுந்ததற்கு நான்தான் காரணம். வங்கிக் கவுன்ட்டரில் முப்பத்திரண்டு வருடம் தேதி முத்திரை குத்தியவள், டிக்கெட் போடும்போது கிழமையைப் பார்க்கவில்லை. ஹரித்வார், மதுரா, ஆக்ரா எல்லாம் முடித்து, டெல்லி செங்கோட்டையைக் கடைசிக்கு என்று பத்திரமாக வைத்திருந்தேன். திங்கட்கிழமைகளில் செங்கோட்டைக்கு விடுமுறை.

இது தெரிந்தது ஜனவரி மாதக் காலை ஒன்பது மணிக்கு, கோட்டைக்கு எதிரில் நின்றுகொண்டு. ஆளுக்கு இரண்டு ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லா, செருப்புக்குள் சாக்ஸ். "சரி விடு, வாசலைப் பார்த்தாச்சுல்ல" என்றாள் அக்கா. உண்மையில் வாசலையும் பார்க்கவில்லை. பனிக்குள் சிவப்பாக ஏதோ நீளமாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

எதிரே சாந்தினி சவுக். ஒரு சந்து முனையில் பெரிய பாத்திரம் நிறைய மஞ்சள் நுரையை வைத்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். தௌலத் கி சாட். குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும். பாலை இரவுப் பனியில் வைத்து, விடியுமுன் கடைந்து கடைந்து நுரையை மட்டும் வழித்தெடுப்பார்களாம். வெயில் ஏறினால் அமுங்கிவிடும் என்பதால் காலையிலேயே விற்றாக வேண்டும். மேலே பொடித்த சர்க்கரை, கோவா, பிஸ்தா தூவித் தொன்னையில் தந்தார். வாயில் வைத்ததும் குங்குமப்பூ வாசனை மட்டும் நின்றது, மற்றதெல்லாம் போய்விட்டது. "நம்ம ஊரு காபிக்கடையில நுரைக்குத் தனியாக் காசு வாங்குனா சும்மா விடுவமா?" என்று கேட்டுவிட்டு அக்கா இரண்டாவது தொன்னை வாங்கினாள்.

அடுத்து எங்கே என்று நானும் அக்காவும் பேசிக்கொண்டிருக்கும்போது, ஒன்பது நாளாக எந்த இடத்துக்கும் கருத்துச் சொல்லாமல் பெட்டி தூக்கிக்கொண்டு வந்த அத்தான் வாயைத் திறந்தார். "அந்த இரும்புத் தூண் இன்னைக்குத் தொறந்திருக்குமா பாரும்மா."

அத்தானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாகப்பட்டினத்தில் நாற்பது வருடம் இரும்புக்கடை வைத்திருந்தவர். ஆணி, கம்பி, ஆங்கிள், கேட் கொண்டி, எல்லாம். உப்புக்காற்று அடிக்கிற ஊரில் இரும்பு விற்பது என்பது தினமும் துருவோடு மல்லுக்கட்டுவது. உப்புத்தாளால் தேய்ப்பார், ரெட் ஆக்ஸைடு பூசுவார், எண்ணெய்த் துணி சுற்றி வைப்பார். வாங்கியவர்கள் ஒரு மழைக்காலம் கழித்து, பழுப்பேறிய கொண்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துச் சண்டை போடுவார்கள். 2004 சுனாமியில் கடைக்குள் தண்ணீர் வந்து போன பிறகு, ஆணி மூட்டைகள் ஒரே வாரத்தில் கட்டி கட்டியாக இறுகிக் கிடந்தன. அந்த வாரத்தைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை.

துருப்பிடிக்காத அந்தத் தூண் நிற்கும் குதுப் மினார் வளாகம் திங்கட்கிழமையும் திறந்திருந்தது. மஞ்சள் தட மெட்ரோவில் ஒரே மூச்சாகப் போய், இறங்கி ஓர் ஆட்டோ. 72.5 மீட்டர் உயரக் கோபுரம் என்று படித்துவிட்டுப் போனோம். பனியில் மேல் இரண்டு அடுக்குகளைக் காணவில்லை. அடியில் நின்று அண்ணாந்தால் செதுக்கிய சிவப்புக் கல் மேலே போய்க்கொண்டே இருந்து, ஓரிடத்தில் வெள்ளையில் கரைந்துவிட்டது. எனக்கு அது வெயிலில் பார்ப்பதைவிட நன்றாக இருந்தது என்றே தோன்றுகிறது. முடிவு தெரியாத கோபுரம் எவ்வளவு உயரமும் இருக்கலாம் அல்லவா? பக்கத்து மசூதித் தூண்களில் சங்கிலியில் தொங்கும் மணிகள் செதுக்கியிருந்தன. பழைய கோயில்களிலிருந்து எடுத்துவந்து நட்டவை. அக்கா அவற்றைத்தான் வெகுநேரம் பார்த்தாள்.

அத்தான் எதையும் பார்க்கவில்லை. நேராகத் தூணிடம் போய்விட்டார்.

ஏழு மீட்டர் உயரம், ஆறு டன்னுக்கு மேல் எடை. இரண்டாம் சந்திரகுப்தர் காலத்தது, கிட்டத்தட்ட 1600 வருடம். முதலில் இங்கே நட்டதும் அல்ல, வேறிடத்திலிருந்து வந்தது. உடம்பில் பிராமி எழுத்தில் சமஸ்கிருதக் கல்வெட்டு. கல்வெட்டு என்கிறேன், இரும்பில் வெட்டியதை என்னவென்று சொல்வது? முன்பெல்லாம் தூணுக்கு முதுகு காட்டி நின்று, கைகளைப் பின்னால் வளைத்துக் கோத்தால் நினைத்தது நடக்கும் என்று எல்லோரும் கட்டிப்பிடிப்பார்களாம். 1997இல் வேலி போட்டுவிட்டார்கள்.

அத்தானுக்கு அந்த வேலிதான் இடி. அவர் தொட்டுப் பார்க்க வந்தவர். காவலரைப் பார்த்து, கையால் தடவுவதுபோல் ஜாடை காட்டினார். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டி மறுத்தார். அப்புறம் வேலியைச் சுற்றி ஒரு வட்டம், எதிர்த்திசையில் ஒரு வட்டம். கோயில் பிரகாரம்போல.

"இது உருக்கி வார்த்ததில்லம்மா. துண்டு துண்டா எடுத்த இரும்பக் காய்ச்சி, அடிச்சு ஒண்ணாக்கியிருக்கான்" என்றார் என்னிடம். எப்போதோ படித்ததை மனத்தில் வைத்திருக்கிறார். கான்பூர் ஐஐடியில் இருந்த பேராசிரியர் பாலசுப்பிரமணியம் இந்தத் தூணை ஆராய்ந்தவர். அந்தக் கால இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். கரி போட்டு இரும்பெடுத்தவர்கள் சுண்ணாம்புக்கல் சேர்க்காததால் அது இரும்பிலேயே தங்கிவிட்டது. அதுதான் மெல்லிய படலமாக மேலே படிந்து துருவைத் தடுக்கிறது. டெல்லியின் உலர்ந்த காற்றும் உதவி. ஆனால் மண்ணுக்குள் இருக்கும் அடிப்பகுதி துருப்பிடித்துத்தான் இருந்தது. இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லும்போது அத்தான் முகத்தில் ஒரு சின்னத் திருப்தி.

"நம்ம ஊருல, கலங்கரை விளக்கத்துக்கிட்டக் கொண்டாந்து நட்டாத் தெரியும்" என்றார்.

சொல்லிவிட்டு மறுபடி ஒரு வட்டம் போனார். வெயில் லேசாகத் தலைகாட்டியதும் தூண் கறுப்பிலிருந்து ஒருவிதப் பழுப்புக்கு மாறியது. ஒன்றே முக்கால் மணி நேரம். ஹுமாயூன் கல்லறைக்குப் போகலாம் என்றிருந்த என் இரண்டாவது திட்டமும் அங்கேயே முடிந்தது. அக்கா புல்தரையில் உட்கார்ந்து கால் நீட்டிவிட்டாள். "கல்யாணத்துக்கு முன்னாடி என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப, அஞ்சு நிமிஷத்துல எழுந்து போயிட்டாரு இந்த மனுஷன்."

மாலையில் ஜன்பத்தில் அக்காவுக்கு இரண்டு சால்வை. வழியில் தள்ளுவண்டியில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கை நறுக்கி, எலுமிச்சை பிழிந்து மசாலா தூவித் தந்தார்கள். ஷகர்கந்தி என்கிறார்கள், அங்கேயும் பெயரில் சர்க்கரைதான்.

இரவு புதுடெல்லி ரயில் நிலையம். இருக்கைக்கடியில் பெட்டிகளைக் கட்ட அக்கா வாசலில் சங்கிலியும் பூட்டும் வாங்கினாள். பெட்டிகளைக் கட்டப்போன அத்தான், சங்கிலியின் ஒரு வளையத்தை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார்.

"எவ்வளவு கொடுத்த?"

"எம்பது ரூபா."

"ஆடி தாண்டாது" என்று சொல்லிவிட்டுப் பூட்டினார்.