ஸ்மியர் பார்த்தியா தாயி?

சாரைத் தத்தனேரி சுடுகாட்டுக்குக் கொண்டுபோன அன்று நான் தெருமுனை வரைக்கும்தான் போனேன். கிளம்புவதற்கு முன்னால் நான்கைந்து வயசாளிகள், சட்டையில் மெடல் குத்திக்கொண்டு வந்தவர்கள், வாசலில் வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள். அவர் பட்டாளத்தில் இருந்தவர் என்பதே அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் தெரியும். திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற அவருடைய சொந்த ஊரில் போய்ப் பேரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது, "பட்டாளத்தார் வீடு" என்றால் சின்னப் பையன்கூடக் கூட்டிக்கொண்டு போய் விடுவான். எங்களுக்கு அவர் லேப் சார்.

நான் லேப் டெக்னீஷியன் படிப்பான டிஎம்எல்டி முடித்துவிட்டு 1991ல் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். ராணுவ மருத்துவப் பிரிவில் லேப் அசிஸ்டெண்டாக இருந்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்து, மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேபைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாட்சை மணிக்கட்டின் உள்பக்கம் பார்க்கக் கட்டியிருப்பார். ஸ்லைடைப் பிடித்த கையைத் திருப்பாமலே நேரம் பார்க்கலாம் என்பதற்காக. ரத்த அணுக்கள் தெரிவதற்கான லீஷ்மேன் சாயத்தை ஸ்மியர் மேல், அதாவது ஸ்லைடில் மெல்லிசாக இழுத்த ரத்தத்தின் மேல், சொட்டுச் சொட்டாக விடுவார், சரியாக இரண்டு நிமிஷம், அப்புறம் அதற்கு இரண்டு பங்கு பஃபர் தண்ணீரை விட்டு மெதுவாக ஊதிக் கலக்கி பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் டாக்டரே வந்து கத்தினாலும் ஸ்லைடை எடுக்க மாட்டார். "லீஷ்மேன் யாருன்னு நெனச்ச? பட்டாளத்து டாக்டர். 1897ல செகந்திராபாத்துல கொசு வயித்துக்குள்ள மலேரியாவைப் பார்த்தானே ரொனால்ட் ராஸ், அவனும் பட்டாளத்து டாக்டர்தான்" என்று அப்போதுதான் கதை சொல்வார். பெருமை இல்லாமல் இல்லை.

சொந்தக் கதை மட்டும் வராது. 1971 டிசம்பரில் பாகிஸ்தானோடு நடந்த அந்த 13 நாள் சண்டையின்போது கிழக்கே ஒரு ராணுவ மருத்துவமனையில் இருந்திருக்கிறார், வயது 23. அதைப் பற்றி இத்தனை வருஷத்தில் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். அப்போது ரத்தத்துக்குப் பை கிடையாதாம், கண்ணாடி பாட்டில்தானாம், ராத்திரியில் வரிசையாக ஆட்களை இறக்கும்போது சீட்டில் ஒரு குரூப் எழுதியிருக்கும், இவர் போட்டுப் பார்த்தால் வேறு குரூப் வருமாம். "சீட்டு பேசாது தாயி. நீயா பார்க்காம எழுதாதே." அதற்கு மேல் கேட்டால் டீ வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிடுவார்.

அந்தக் காலத்தில் பிப்பெட்டை, கோடு போட்ட மெல்லிய கண்ணாடிக் குழாயை, வாயில் வைத்து உறிஞ்சித்தான் ரத்தம் எடுப்போம், ஹீமோகுளோபினுக்கு சாலி பிப்பெட்டில் 20 கோடு வரைக்கும். கொஞ்சம் மூச்சு தப்பினால் நாக்கில் உப்புக் கரிக்கும், படித்த இடத்தில் எனக்கு நடந்திருக்கிறது. இந்தியாவிலேயே முதல் தடவையாக 1986ல் சென்னையில் எச்ஐவி கண்டுபிடித்ததைப் பேப்பரில் படித்த அன்றைக்கே சார் தன் லேபில் வாய் வைப்பதை நிறுத்திவிட்டாராம். எனக்கு வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கையில் ஒரு ரப்பர் பல்பைத் திணித்தார்.

அப்புறம் ரத்த அணுக்களை எண்ணுகிற மெஷின் வந்தது. ஒரு நிமிஷத்தில் எல்லா எண்ணிக்கையும் தாளில் வந்து விழுந்தது, நிர்வாகத்துக்கு ஒரே சந்தோஷம், சாரைப் பகுதி நேரமாக்கிச் சம்பளத்தைக் குறைத்தார்கள். எனக்கு இன்னும் அதில் கோபம் உண்டு. அவருக்கு இருந்த மாதிரித் தெரியவில்லை, காலையில் வந்து மெஷின் சந்தேகப்பட்ட ஸ்லைடுகளையெல்லாம் வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

2012 டெங்கு சமயம். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பையன், ஏழெட்டு வயது இருக்கும். மெஷினில் தட்டணு, அதாவது பிளேட்லெட், வெறும் 14,000. அவன் அப்பா ரத்தம் கொடுக்க ஆள் தேடி ஊருக்குப் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருக்கிறார், அம்மா ஒரே அழுகை. சார் வார்டுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "அவன் குளுக்கோஸ் ஸ்டாண்டைப் பிடிச்சுக்கிட்டு பஸ் ஓட்டிக்கிட்டிருக்கான். ஸ்மியர் பார்த்தியா தாயி?" நான் பார்க்கவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. போட்டுப் பார்த்தால் ஸ்லைடின் ஓரத்தில் தட்டணுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கப் போட்டிருக்கும் ஈடிடிஏ சிலருடைய ரத்தத்தில் இப்படிச் செய்துவிடும், மெஷின் ஒரு கொத்தைத் தட்டணு என்றே கணக்கில் சேர்க்காது. நீல மூடி சிட்ரேட் குழாயில் புதிதாக எடுத்து ஓட்டினோம், 1,60,000 வந்தது. அந்த அப்பாவிடம் சார் "ஒண்ணுமில்லப்பா, எண்ணுறதுல தப்பு" என்று மட்டும் சொன்னார், யாருடைய தப்பு என்று சொல்லவில்லை.

போன வருஷம் சோர்வாக இருக்கிறது என்று அவரே வந்து கையை நீட்டினார். இப்போது நான் வேறு லேபில் இருக்கிறேன். வெள்ளணு ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது. மெஷினை விட்டுவிட்டு ஸ்மியர் இழுத்தேன். இரண்டு நிமிஷம், பத்து நிமிஷம். லென்ஸில் கண்ணை வைத்ததுமே தெரிந்துவிட்டது, ரத்தப் புற்றுநோய். எப்படிச் சொல்வது என்று திரும்பினால் பக்கத்தில் நிற்கிறார். "நகரு" என்றார். உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்லைடை மெதுவாக நகர்த்தி நகர்த்தி ரொம்ப நேரம் பார்த்தார். 100 வெள்ளணு எண்ணினார் என்று நினைக்கிறேன், உதடு அசைந்தது.

"ஸ்டெயின் நல்லா வந்திருக்கு தாயி" என்று சொல்லிவிட்டு, லென்ஸில் இருந்த எண்ணெயைத் துடைத்து, மைக்ராஸ்கோப்புக்கு உறையைப் போட்டார்.