மாங்கூழ் ஆலை போடும் முன்
கிருஷ்ணகிரியில் கூழுக்குப் போவது பெரும்பாலும் பெங்களூரா ரக மாங்காய்தான். சீசன் இரண்டு, மூன்று மாதம். மீதி நாளெல்லாம் இயந்திரம் தூங்கும், வங்கி வட்டி தூங்காது. கொய்யா, தக்காளி, பப்பாளியையும் அதே லைனில் ஓட்ட வழியில்லாதவர் இதில் இறங்காமலிருப்பதே நல்லது.

பழுக்க வைக்க கார்பைடு கல்லுக்குத் தடை. எத்திலீன் வாயு 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) வரை விடலாம். பழம் ஒரே சீராகப் பழுக்காவிட்டால் கூழின் பிரிக்ஸ் (சர்க்கரை அளவு) 14-க்குக் கீழே இறங்கும்; வாங்குபவர் உடனே விலையில் கை வைப்பார். டிரம்முக்குள் இருக்கும் அசெப்டிக் (கிருமி நீக்கிய) பையில் கூழை நிரப்பும்போது மூடிவாயில் நீராவி சரியாகப் படாவிட்டால் கிருமி உள்ளே போய், கிடங்கில் பை உப்பும். அந்த டிரம் மொத்தமும் நஷ்டம்.

2020-ல் வந்த பிஎம்எஃப்எம்இ என்ற, குறு உணவுத் தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் 35 சதவீத மானியம் உண்டு, உச்சவரம்பு 10 லட்சம் ரூபாய். கூழ் லைனுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஊறுகாய், வற்றல் போடுகிறவர்களுக்கு நன்றாகவே கைகொடுக்கும்.