விடுதிக் கட்டடம் கடலுக்குள் போன கதை

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு, 3டி கட்டட மாடலில் பிழை இருக்கிறதா என்று சோதிக்கும் வால்த்ரீடிட்டி மென்பொருளில் ஒரு பிழைகூட வரவில்லை. ஒரே ஒரு கட்டடத்துக்கு மூன்று வாரம் ஓடிவிட்டது. இதே வேலையை எடுக்கப்போகிறவர்களுக்காவது அந்த நாட்கள் மிச்சமாகட்டும்.

திண்டுக்கல்லில் ஒரு கல்லூரி வளாகம், 12 கட்டடங்கள். நகரத்தின் 3டி வரைபடத்தில் சேர்க்க எல்ஓடி 2 அளவில் (எல்ஓடி என்பது எவ்வளவு நுணுக்கமாக வரைய வேண்டும் என்பதன் படிநிலை) சிட்டிஜிஎம்எல் என்ற 3டி நகரக் கோப்பு வடிவில் கேட்டிருந்தார்கள். சுவர், கூரை, அடித்தளம் போதும். ஜன்னலும் கதவும் எல்ஓடி 3-இல்தான் வரும். ஆர்க்கிடெக்ட் கொடுத்த விடுதி மாடலில் மட்டும் 2,10,000 முக்கோணங்கள். ஜன்னல் கம்பி, தண்ணீர்க் குழாய், மெஸ் நாற்காலி என ஒன்று விடாமல் வரைந்திருந்தார்கள்.

பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில், முக்கோணங்களைத் தானாகக் குறைக்கும் டெசிமேட் போட்டு பத்தில் ஒரு பங்காக்கினேன். அதுதான் முதல் தப்பு. எது சுவர், எது நாற்காலி என்று டெசிமேட்டுக்குத் தெரியாது. கைப்பிடிச்சுவரின் மூலைகள் மழுங்கின, சன்ஷேட் முறுக்கிக்கொண்டது, நாற்காலிக் கால்கள் மட்டும் அப்படியே இருந்தன. இரண்டு நாள் வீண்.

சரி, உள்ளே இருப்பதைக் கையாலேயே அழிப்போம் என்று இறங்கினேன். வால்த்ரீடிட்டியில் சோதித்தால் வரிசையாக 302 என்ற எண்ணுள்ள பிழை, அதாவது உரு எங்கோ மூடாமல் இருக்கிறது. ஆர்க்கிடெக்ட் மாடலில் ஒன்பது அங்குலச் சுவருக்கு உள்முகம், வெளிமுகம் என்று இரண்டு உண்டு. எல்ஓடி 2-க்கு வெளிமுகம் ஒன்றுதான் வேண்டும். உள்முகத்தை எடுத்தால் ஜன்னல் இருந்த இடமெல்லாம் ஓட்டை. அடியிலோ முகமே கிடையாது. ஓட்டைகளை அடைத்தே ஒரு வாரம் போனது.

கடைசியில் எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு, தரைத்தள எல்லைக்கோட்டை மட்டும் எடுத்து மேலே இழுத்தேன். மாடிப்படி அறையையும் தண்ணீர்த்தொட்டியையும் தனியாக எழுப்பிச் சேர்த்தேன். அரை நாளில் முடிந்தது, மொத்தம் 34 முகங்கள். பெரிய மாடலைச் செதுக்கிச் சின்னதாக்கப் பார்க்காதீர்கள். அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் புதிதாக வரையுங்கள்.

உயரம் எடுக்கத்தான் அலைச்சல். மதுரை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போனால், கடிதம் இல்லாமல் கட்டட வரைபடத்தைக் காட்ட முடியாது என்று அங்கே வரைபடம் வைத்திருக்கும் பிரிவில் இருந்தவர் திருப்பி அனுப்பிவிட்டார். முதல் நாள் போனில் கேட்டபோது அதே ஆள் "வாங்க, பார்த்துக்கலாம்" என்றிருந்தார். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. கடிதத்தோடு மறுபடி போனபோது டேப்பையும் எடுத்துப்போனேன், நல்லதாயிற்று. வரைபடத்தில் இரண்டரை அடி என்றிருந்த கைப்பிடிச்சுவர் நேரில் மூன்றே கால் அடி. பின்பக்கத் தகரக் கொட்டகை வரைபடத்திலேயே இல்லை. அந்தக் கொட்டகைக் கூரையில் ஒரு மூலை 3 சென்டிமீட்டர் தூக்கியிருந்ததால் 203 பிழை வேறு வந்தது. முகம் சமதளமாக இருக்க வேண்டும். வால்த்ரீடிட்டி 1 சென்டிமீட்டர்தான் விட்டுக்கொடுக்கும். கூரையை இரண்டு முக்கோணமாக வெட்டியதும் சரியானது.

அப்புறம் 3டி பூமி உருண்டையில் மாடலை வைத்துக் காட்டும் சீசியத்தில் ஏற்றிப் பார்த்தால் கட்டடத்தையே காணவில்லை. தேடினால் வங்காள விரிகுடாவின் நடுவில் நிற்கிறது. பூமியை 6 டிகிரி அகலப் பட்டைகளாகப் பிரித்து மீட்டரில் இடம் குறிக்கும் முறை யுடிஎம். நான் மதுரைக்காரன், வழக்கமாகப் போடுவது யுடிஎம் 44-ஆம் மண்டலம், மென்பொருளில் அதற்கான குறியீடு இபிஎஸ்ஜி 32644. மண்டலம் மாறும் 78 டிகிரி தீர்க்கரேகை மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவே போகிறது. திண்டுக்கல் 43-இல் இருக்கிறது, சர்வே புள்ளிகளும் 43-இல்தான் வந்திருந்தன. நான் 44 என்று குறித்ததால் கட்டடம் 6 டிகிரி கிழக்கே போய்விட்டது.

இடம் சரியானதும் கட்டடம் ஏறக்குறைய 90 மீட்டர் உயரத்தில் அந்தரத்தில் தொங்கியது. சர்வேயில் இருந்தது கடல்மட்ட உயரம். சீசியம் எடுத்துக்கொள்வது நீள்வட்டக் கோளத்திலிருந்து, அதாவது பூமிக்குக் கணக்காக வைத்த வழவழப்பான உருவத்திலிருந்து, அளந்த உயரம். கடல்மட்டத்தைக் குறிக்கும் ஜியாய்டு என்ற பரப்பு நம் பக்கத்தில் அந்தக் கோளத்தைவிட அவ்வளவு தாழ்ந்து கிடக்கிறது. உலகத்திலேயே மிகத் தாழ்ந்த இடம் இலங்கைக்குத் தெற்கே, சுமார் 106 மீட்டர் கீழே. வித்தியாசத்தைக் கழித்ததும் கட்டடம் தரையில் வந்து உட்கார்ந்தது. வேப்பமரத்துப் பக்கம் அதன் நிழல் விழுந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இன்னும் 11 கட்டடம் பாக்கி. நூலகத்தின் எல்லைக்கோட்டை இன்று காலையில் எடுத்தாயிற்று, யுடிஎம் 43-இல்.