தண்ணீர்ச் செயலிக்கு ஒரு கணக்கு

ஜூன் 8, 2025 – ஞாயிறு, மன்னார்குடி

இன்னும் நான்கு நாளில் மேட்டூர் அணையைத் திறக்கிறார்கள். எந்த வாய்க்காலுக்கு எப்போது முறை என்று சொல்லும் எங்கள் இணையச் செயலியை ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தொகுப்பில் எழுதி முடித்து இரண்டு மாதமாகிறது. எந்தப் பக்கத்தை மக்கள் பார்க்கிறார்கள் என்பது மட்டும் தெரியவில்லை. இன்று மட்டோமோவை எங்கள் சர்வரிலேயே நிறுவினேன். எந்தப் பக்கத்தை எத்தனை முறை பார்த்தார்கள் என்று கணக்கெடுக்கும், 2007-இல் பிவிக் என்ற பெயரில் வந்த திறமூல மென்பொருள் அது. விவசாயிகளின் கணக்கு வெளியார் கைக்குப் போகக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். வந்தவரை மறுபடி அடையாளம் காண உலாவியில் வைக்கும் குக்கீயை நிறுத்தினேன், அவரது இணைய இணைப்பைக் காட்டும் ஐபி முகவரியின் கடைசி இரண்டு பகுதிகள் மறைந்துவிடுகின்றன.

ஜூன் 9 – திங்கள்

சித்தப்பாவின் கைபேசியில் சோதனை. திண்ணையில் உட்கார்ந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முகப்பு, விதை, உரம், கடைமடை என்று ஒவ்வொன்றாகத் தட்டினார். “நான்கையும் பார்த்துவிட்டேன் தம்பி” என்றார். கணக்கில் ஒன்றுதான் ஏறியிருந்தது.

காரணம் இதுதான்: இந்தச் செயலியில் பக்கம் மாறும்போது உலாவி புதிதாக எதையும் ஏற்றுவதில்லை. ஜாவாஸ்கிரிப்ட் திரையை மாற்றி, மேலே முகவரியை மட்டும் திருத்துகிறது. பக்கத்தில் ஒட்டிக்கொள்ள மட்டோமோ தரும் நிரல் துணுக்கு, முதல் ஏற்றத்தின்போது ஒருமுறை பதிவுசெய்வதோடு சரி. ஆகவே முகவரி மாறும் ஒவ்வொரு முறையும் புதிய முகவரி, புதிய தலைப்பு இரண்டையும் கொடுத்து நாமே பதிவை அனுப்ப வேண்டும். அப்படி எழுதியதும் முகப்பு மட்டும் இரண்டிரண்டாக ஏறியது. துணுக்கிலிருந்த பழைய பதிவு வரியை நீக்க மறந்திருந்தேன். நீக்கினேன், சரியானது.

ஜூன் 10 – செவ்வாய்

இரவு பதிவுகளைப் படித்தபோது பகீரென்றது. வயல் தேடும் பக்கத்தின் முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் ஊர்ப் பெயரும் சர்வே எண்ணும் அப்படியே வந்திருந்தன. அந்த இரண்டும் கிடைத்தால் நிலம் யாருடையது என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? குக்கீயை நிறுத்தி என்ன பயன்! கேள்விக்குறியிலிருந்து வெட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் அனுப்பும்படி மாற்றினேன். ஏற்கெனவே சேர்ந்தவற்றை அழித்துவிட்டுத்தான் படுத்தேன். எத்தனை பேர் தேடினார்கள் என்று தெரிந்தால் எனக்குப் போதும்.

ஜூன் 12 – வியாழன்

மேட்டூர் திறந்தாயிற்று. மாற்றங்களைச் சர்வரில் ஏற்றினேன். விளம்பரத் தடுப்பான் இந்த மாதிரிக் கணக்கெடுப்பையும் தடுக்கக்கூடும் என்பதால், அதை வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கில் விடுபடலாம். அதனால் எண்ணிக்கையை முழு உண்மையாக எடுக்காமல், எந்தப் பக்கம் முந்துகிறது என்று மட்டும் பார்க்கப்போகிறேன்.

ஜூன் 15 – ஞாயிறு

இன்று கல்லணையைத் திறந்தார்கள். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிகிறது.

மூன்று நாள் கணக்கைப் பார்த்தேன். நான் பல இரவுகள் செலவழித்து அழகுபடுத்திய விதைப் பக்கத்தைச் சிலரே திறந்திருக்கிறார்கள். முந்தி நிற்பது கடைமடைப் பக்கம். முத்துப்பேட்டைப் பக்கம் தண்ணீர் கடைசியாகத்தான் போய்ச் சேரும். நாற்றங்கால் விடுவதா வேண்டாமா என்று காத்திருப்பவர்கள் அங்கேதான் அதிகம். அவர்களை முகப்பிலிருந்து மூன்று தட்டு தள்ளி வைத்திருந்தேன்.

கடைமடையை முகப்பிலேயே முதல் வரியாகக் கொண்டுவந்துவிட்டேன். சித்தப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு படித்தார்.